பதினெட்டுப் பேர் இழுத்த கயிறு

என்னைக் காப்பாற்றியவர்கள் பதினெட்டுப் பேர். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. சந்தையில் முன்பின் தெரியாத ஒருவர்கூட என் வலது கையைப் பார்த்துவிட்டு, "நீங்கள்தானே கரைவலைக்காரர் இழுத்தெடுத்த ஆள்?" என்று கேட்பார். "ஓம்" என்பேன். "அவையளைக் கையெடுத்துக் கும்பிட வேணும்" என்பார். அதற்கும் "ஓம்" என்பேன். கையெடுத்துக் கும்பிடுவதென்றால் இரண்டு உள்ளங்கையும் சேர வேண்டும். என் வலது கையின் மூன்று விரல்கள் பாதி மடங்கினபடி நின்றுவிட்டன, விரியவும் மாட்டா, இறுகவும் மாட்டா. அந்த விரல்களை அப்படி ஆக்கியது கடல் அல்ல, அந்தப் பதினெட்டுப் பேர்தான் என்று வாய்திறந்து சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. சொன்ன பிறகும் நிம்மதி வரவில்லை.

முல்லைத்தீவுக் கரையில் மலை கிடையாது. எங்கள் ஊருக்கு வடக்கே கடல் அரித்து அரித்துச் செங்குத்தாக்கிவிட்ட மணல்மேடு ஒன்று இருக்கிறது. அரைக் கட்டை, அதாவது அரை மைல், நீளம். ஆகவும் உயர்ந்த இடத்தில் ஒரு பனை உயரம் வரும், மற்ற இடங்களில் அதுவும் இல்லை. ஊர்ச்சனம் அதை மலை என்றுதான் சொல்கிறது. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்த மலையிலிருந்துதான் நான் பறந்தேன்.

கட்டாரில் ஆறு வருடம் கட்டட வேலையில் இருந்தபோது பழகியது இது. என்னோடு ஒரே அறையில் இருந்த நேபாளக்காரன் தன் ஊரில் சுற்றுலாப் பயணிகளை முன்னால் கட்டிக்கொண்டு மலையிலிருந்து பறந்தவன். வெள்ளிக்கிழமைகளில் கடலோர மணல்மேடுகளுக்கு, பரசூட் குடைபோலத் துணியும் கயிறுகளுமாக இருக்கும் ஒரு பழைய சிறகைத் தூக்கிக்கொண்டு போவான். நானும் கூடப் போனேன். முதல் நான்கு மாதமும் என் கால் நிலத்தை விட்டு எழும்பவில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டிச் சிறகைப் பார்த்து நின்று, அதை எழுப்பித் தலைக்கு மேலே நிறுத்தி, விழாமல் வைத்திருக்கப் பழகினேன். இடுப்பாலும் விரல் நுனியாலும் செய்கிற வேலை அது. பலத்தைக் காட்டினால் சிறகு ஆளையே இழுத்துக்கொண்டு போகும்.

பதிந்த மேட்டில் பறப்பதைப் பற்றிச் சனம் நினைப்பதெல்லாம் மறுவளம். உயரம் குறைவு, ஆகவே பயமில்லை என்று நினைக்கிறார்கள். உயரம்தான் பாதுகாப்பு. பெரிய மலையில் சிறகு ஒரு பக்கம் சுருண்டால் அது திரும்ப விரிய இடமிருக்கிறது, அவசரத்துக்கு வைத்திருக்கும் மற்றக் குடையை எறிய நேரமிருக்கிறது. ஒரு பனை உயரத்தில் ஒன்றுக்கும் நேரமில்லை. கடற்காற்று மேட்டில் முட்டி, போக வழியில்லாமல் மேலே எழும்புகிறது. அந்த எழும்புகிற காற்றின் மேல்தான் சிறகு நிற்கிறது. எங்கள் மேட்டில் அது ஒரு ஒடுங்கிய ஒழுங்கை மாதிரித்தான். அதற்குள்ளேயே போய் அதற்குள்ளேயே திரும்பி வர வேண்டும். திரும்புவதும் எப்போதும் கடல் பக்கமாகத்தான். கரைப் பக்கம் திரும்பினவனைக் காற்று கொண்டுபோய் மேட்டில் அறையும். காற்றுக் கூடினால் பின்னால் தள்ளிப் பனைகளுக்குள் போடும், குறைந்தால் கடலுக்குள் இறக்கும். கடலுக்குள் இறங்குவதுதான் மோசம். சிறகு தண்ணீர் குடித்ததும் அது சிறகில்லை, ஆளோடு கட்டிய ஒரு பாரம்.

அதனால் நேபாளக்காரனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பறக்க முன்னம் கரையில் யார் நின்றாலும் அவர்களிடம் போவான். தூண்டில் போடுகிறவன், பிள்ளைகளோடு வந்த குடும்பம், யாரென்றாலும் சரி. தான் தண்ணீருக்குள் விழுந்தால் என்ன செய்ய வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று கையாலும் காலாலும் விளங்கப்படுத்துவான். அந்தப் பாஷை தெரியாத மனிதர்கள் சிரிப்பார்கள். அவன் சிரிக்காமல் இரண்டாம் தரமும் காட்டுவான். அந்தச் சிறகை எனக்கு விற்றுவிட்டு அவன் ஊருக்குப் போனபோது கடைசியாகச் சொன்னதும் அதைத்தான்.

நான் ஊருக்கு வந்து அதைச் செய்யவில்லை. மேட்டுக்குக் கீழேதான் என் மச்சானின் கரைவலைப் பாடு, கடலில் வலையை வளைத்துக் கரையில் நின்று இழுக்கிற இடம். மச்சான் என்றால் மனைவியின் தமையன். வலை இழுக்கிற பதினெட்டுப் பேருக்கும் அவர்தான் தலைவர். எங்கே வளைப்பது, எப்போது இழுப்பது, எல்லாம் அவர் வாய்ச்சொல். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டில் அவர் முதல் அடியை எடுத்தால் பதினெட்டுப் பேரின் தோளும் ஒன்றாகச் சாயும். கடலிலிருந்து எதையும் இழுத்தெடுப்பது எப்படி என்று அவர்களுக்கு நான் சொல்வதா? மீன் குஞ்சுக்கு நீந்தப் பழக்கின கதையாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க மரியாதையான காரணம் போலத்தான் இருந்தது.

அவர்களும் என்னை விடவில்லை. என் சிறகுக்கு அவர்கள் வைத்த பேர் சேலை. "சேலை காயப்போட வந்திட்டார்" என்பார்கள், நான் மேட்டில் சிறகை விரிக்கும்போது. கோபம் வரும், காட்டமாட்டேன். மேலே போய் அவர்களுடைய தலைகளுக்கு மேலால் இரண்டு முறை போய்வந்தால் கோபம் ஆறிவிடும். அந்த உயரத்திலிருந்து பார்க்க அவர்கள் சின்ன ஆட்களாகத் தெரிந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு பங்குனி மாதப் பின்னேரம். கொண்டல் காற்றுக் கடலிலிருந்து நேராக மேட்டில் அடித்துக்கொண்டிருந்தது. நான் சிறகைத் தூக்கிக்கொண்டு, வலை வைக்கிற கொட்டிலான வாடியைக் கடக்கும்போது மச்சான் கடலைப் பார்த்தபடி சொன்னார்.

"ஐஞ்சு மணிக்கு முன்னம் காத்து விழுந்திடும். கெதியா இறங்கு."

என்னிடம் காற்றை அளக்கிற கருவி இருந்தது, கட்டாரில் வாங்கியது. அதைப் பார்த்துவிட்டு, "இல்லை மச்சான், காத்து நல்லா இருக்கு" என்றேன்.

ஐந்து மணிக்கு முன்னம் காற்று விழுந்தது. மேட்டின் விளிம்புக்குக் கீழே நான் இறங்கியது தெரிந்தவுடனேயே கரையைப் பார்த்துப் போயிருந்தால் மணலில் காலை வைத்திருக்கலாம். இன்னும் ஒரு சுற்று, திரும்ப ஏறிவிடலாம் என்ற பேராசை. சிறகைத் திருப்புகிற பிரேக் கயிற்றை வலது கையில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பினேன். திரும்பி முடிக்குமுன் கால் தண்ணீரில் பட்டது.

நெஞ்சளவு தண்ணீர். அவ்வளவுதான். நான் நின்றேன். சிறகு எனக்குப் பின்னால், கரைப் பக்கமாக, அலை உடைகிற இடத்தில் விழுந்து கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிறகோடு என்னைக் கட்டியிருந்த தொடைப் பட்டியின் பூட்டை இடது கையால் திறந்தேன். இன்னும் இரண்டு பூட்டைத் திறந்து, கையில் சுற்றியிருந்த கயிற்றையும் கழற்றினால் நடந்து கரைக்கு வந்திருப்பேன்.

அப்போது அவர்கள் வந்தார்கள். மீன் சேர்கிற வலையின் மடி கரைக்குக் கிட்ட வந்திருந்த நேரம். இழுத்த கயிற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்கள், அன்றைய மீன் முழுக்கக் கலைந்து போனது. அலைக்குள் கிடந்த என் சிறகை இரண்டு பக்கத்தாலும் பிடித்தார்கள். கயிறுகளைக் கூட்டி அள்ளினார்கள். தூண்டில் போடுகிற தங்கூசி நூலைவிடக் கொஞ்சம் தடித்த கயிறுகள், மனிதனின் பாரத்தைப் பலமடங்கு தாங்குகிறவை. மச்சானின் குரல் எழும்பியது. பதினெட்டுப் பேரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள்.

நான் கத்தினேன். முதல் இழுவையிலேயே முகம் தண்ணீருக்குள் போய்விட்டதால் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. கையைச் சுற்றியிருந்த கயிறு விரல்களுக்குள் இறங்கியது. வலி உடனே தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. அவர்கள் வலை இழுப்பதுபோல விட்டுவிட்டு இழுத்தார்கள். ஒவ்வொரு சாய்வுக்கும் நான் இரண்டு கை விரித்த நீளம், ஒரு பாகம், கரைக்கு வந்தேன், தலைகீழாக, உப்புத் தண்ணீரும் மணலும் குடித்துக்கொண்டு. மணலில் என்னைப் புரட்டிப் போட்டபோது அவர்கள் எல்லோரும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றார்கள். மச்சான் என்னைக் கட்டிப்பிடித்தார். என் இரத்தம் அவருடைய முதுகெல்லாம் வழிந்தது.

அவர் ஏன் அப்படி அழுதார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய தம்பி, என் மனைவியின் சின்னண்ணன், அதே கரையில், கூப்பிடு தூரத்தில் படகு கவிழ்ந்து மூழ்கிப் போனவன். இவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இழுத்தெடுக்க ஒரு கயிறு அவனில் இருக்கவில்லை. என்னிலோ எத்தனையோ கயிறு இருந்தது. அதைக் கண்டவர்கள் இழுக்காமல் என்ன செய்வார்கள்.

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் நரம்புகளைப் பொருத்தித் தைத்தார்கள். தைத்த வைத்தியர், கை பிடிமானத்துக்கு இனி உதவாது என்பதை ஒளிக்காமல் சொன்னார். சிறகின் பிரேக்கைப் பிடிக்க அந்த விரல்கள்தான் வேண்டும். ஊருக்கு வருகிறவர்களை முன்னால் கட்டிக்கொண்டு பறந்து பிழைக்கலாம் என்று நான் வைத்திருந்த எண்ணம் அந்தக் கட்டிலிலேயே முடிந்தது. நான் வேறொன்றையும் அவ்வளவு ஆசையோடு பழகியிருக்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்த ஞாயிறு எங்கள் வேதக்கோயிலில் நன்றிப் பூசை. பதினெட்டுப் பேரும் முன்வரிசையில், வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு. பாதர் என்னையும் கூப்பிட்டு அவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டு வசனம் சொல்லச் சொன்னார். நான் நன்றி சொன்னேன். மனைவி அழுதாள். "என்ர அண்ணன் இல்லாட்டி நீங்கள் இல்லை" என்று அன்றைக்குச் சொன்னாள், பிறகு சோறு குழைத்து ஊட்டின நாள் எல்லாம் சொன்னாள்.

மச்சானின் வாடியில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. வலைக்கும் கயிற்றுக்கும் காவல் இருப்பது. ஒரு முடிச்சுப் போட முடியாத ஆளுக்கு வேறென்ன வேலை. அவர் எனக்கு நல்ல மீனாகப் பார்த்து எடுத்துவைப்பார், கதிரையைத் தூக்கி நிழலில் போட்டுத் தருவார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்வார். சொல்லும்போது என் கையைப் பிடித்துக் காட்டுவார். கடலின் பல்லிலிருந்து பிடுங்கினது என்று காட்டுவார். நான் கையைக் கொடுத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வருடம் அப்படிப் போனது. நல்லது செய்தவனை வெறுப்பதுபோலக் கேவலமான வேலை கிடையாது. அதை நான் ஒவ்வொரு நாளும் செய்தேன்.

அடுத்த பங்குனியில் கனடாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். தாய் தகப்பன் பளைப் பக்கத்தார், இவள் கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவள். முப்பது வயதிருக்கும். சொந்தச் சிறகு கொண்டுவந்திருந்தாள். மேட்டைப் பற்றி யாரோ சொல்லி என்னைத் தேடி வாடிக்கு வந்தாள். மேட்டில் எங்கே ஏறுவது, எங்கே காற்றுச் சுழல்கிறது, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு என் வாய் அப்படிக் கதைத்தது அன்றைக்குத்தான்.

மச்சானுக்குப் பெரிய சந்தோஷம்.

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி, கீழ நாங்கள் நிக்கிறம். போன வருசம் இவரையும் நாங்கள்தான் இழுத்தெடுத்தனாங்கள்."

பிறகு ஆட்களைக் கூப்பிட்டு ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். இவள் தண்ணீரில் விழுந்தால் ஒன்பது பேர் இந்தப் பக்கம், ஒன்பது பேர் அந்தப் பக்கம், கயிறுகளைக் கூட்டிப் பிடிக்க வேண்டும், போன முறை பிந்திவிட்டோம், இந்த முறை அலைக்குள்ளேயே வைத்துப் பிடிக்க வேண்டும் என்று. ஒரு வலைக்கயிற்றை எடுத்துக் காட்டினார்.

எனக்குள் என்னவோ அறுந்தது. எழும்பி நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"தொடாதேங்கோ. ஒருத்தரும் தொடாதேங்கோ. என்ர கையை அறுத்தது கடல் இல்லை, நீங்கள். நான் நெஞ்சளவு தண்ணியில நிண்டனான். நடந்து வந்திருப்பன். நீங்கள் இழுத்ததாலதான் என்ர கை இப்படிக் கிடக்குது."

மச்சான் வலைக்கயிற்றைக் கீழே வைத்தார். "அப்பிடியோ" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண் நிலைமை விளங்காமல், "ஓம், கயிறு இழுத்தா ஆபத்துத்தான், அண்ணா சொல்றது சரி" என்று தன் பங்குக்குச் சொல்லிவிட்டு மேட்டுக்கு ஏறிப் போனாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருடம் சேர்த்துவைத்ததைக் கொட்டின சந்தோஷம். மச்சானின் முகம் சுருங்கியதைக் கண்டு இன்னும் ரெண்டு சொல்லலாம் போலிருந்தது.

அவள் என்னைவிட நன்றாகப் பறந்தாள். அவசரமில்லாமல் விளிம்பை ஒட்டிப் போய், ஒவ்வொரு முறையும் கடல் பக்கமாகவே அகலத் திரும்பி வந்தாள். நான் கீழே மணலில் நின்று பார்த்தேன். பொறாமையாக இருந்தது. பதினெட்டுப் பேரும் வலைக்குப் போகாமல் வாடியின் நிழலில் குந்தியிருந்தார்கள். இருபது நிமிடம் கழிந்திருக்கும். மேட்டின் தெற்கு முனையில், காற்று ஒருக்கால் அடித்து ஒருக்கால் விட்டதில், சிறகின் ஒரு பக்கம் சுருண்டது. விரிய இடமில்லை. பக்கவாட்டில் சரிந்து கடலில் விழுந்தாள்.

அன்று அலை பெரிது. சிறகு கடல் பக்கமாக விழுந்தது. முதல் அலையிலேயே அது நிறையத் தண்ணீர் குடித்துவிட்டது, திரும்பிப் போகிற தண்ணீர் அதை இழுக்க, அது அவளை இழுத்தது. முகம் கீழே.

பதினெட்டுப் பேரும் எழும்பி நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் ஓடினேன். அவளைப் பிடித்தேன். தலையை இடது கையால் தூக்கினால் பூட்டைத் திறக்க வலது கை வேண்டும். வலது கை பூட்டின் மேல் வழுக்கி வழுக்கிப் போனது. பூட்டைத் திறக்க இடது கையை எடுத்தால் அவள் முகம் தண்ணீருக்குள் போனது. இரண்டு தரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் தரம் என் காலடி மணலும் போய்விட்டது. "வாங்கோ" என்று கத்தினேன். அவர்கள் முழங்கால் தண்ணீர் வரைக்கும் வந்து நின்றார்கள். கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் சொன்னதைத்தான் செய்தார்கள்.

மச்சான் கத்தினார். "என்னத்தைப் பிடிக்கிறது? சொல்லு."

"ஆளைப் பிடியுங்கோ. கயிறை விட்டிட்டு ஆளைப் பிடியுங்கோ. பட்டியை வெட்டுங்கோ."

பிறகு அது எவ்வளவு நேரம் எடுத்தது என்றால், ஒரு அலை வந்து போகிற நேரம். நாலு பேர் அவளை அக்குளில் பிடித்துத் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்தார்கள். இரண்டு பேர் என்னைப் பிடித்தார்கள். மச்சான் இடுப்பிலிருந்த மீன் கத்தியை எடுத்து, அவளுடைய உடம்பில் படாமல், தொடைப் பட்டி இரண்டு, நெஞ்சுப் பட்டி ஒன்று, மூன்றையும் அறுத்தார். சிறகு தானாகக் கழன்று கடலோடு போனது. ஒருவரும் அதைத் தொடவில்லை. ஒரு கயிறுகூட ஒருவர் கையிலும் சிக்கவில்லை. பத்து வருடம் பழகினவர்கள் போலச் செய்தார்கள்.

அவள் மணலில் கிடந்து குடித்த உப்புத் தண்ணீரையெல்லாம் சத்தியெடுத்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். கை, கால், விரல், எல்லாம் சரியாக இருந்தன. நான் பத்து விரலையும் எண்ணிப் பார்த்தேன்.

மச்சான் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கும் மூச்சு வாங்கியது.

"இவ்வளவுதானோ?" என்றார்.

"ஓம் மச்சான்."

"இதை அந்த முதல் நாளே எங்களுக்கு ஏன் சொல்லேல்ல?"

மீன் குஞ்சுக் கதையைச் சொல்லியிருக்கலாம். உங்களுக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், அப்படியானவர்தான். எனக்கு அதற்குமேல் பொய் சொல்ல உடம்பில் தெம்பு இருக்கவில்லை.

"உங்களுக்கு விளங்காது எண்டு நினைச்சன்."

அவர் சாரத்தைப் பிழிந்து உதறிக் கட்டிக்கொண்டார். என்னைத் தாண்டி வலைக்குப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவருக்குப் பின்னால் போனார்கள். நான் சொன்னது அவர்கள் எல்லோருக்கும் கேட்டிருந்தது.